அருச்சனைத் தட்டில் ஒரு மருந்துப் பெட்டி

அந்த மாதம் முழுவதும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். வாசித்த பந்தியையே திரும்ப வாசித்தேன். வேலை முடிந்து வந்து ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திய பிறகும் இறங்காமல், இன்னொருமுறை நெல்லியடிச் சந்தி வரை ஓடிவிட்டு வருவோமா என்று யோசித்தேன். அம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“உனக்கென்ன பிள்ளை, மூலவியாதியே?”

“அம்மா, நான் டொக்டர்.”

“ஏன், டொக்டர்மாருக்கு மூலம் வராதோ?”

மூலமில்லை. பொது மருத்துவத்தில் நிபுணராவதற்கான தெரிவுப் பரீட்சையில் நான் சித்தியடைந்திருந்தேன். கொழும்பில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஏற்கிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதே நேரத்தில், ஓராண்டு பழகிப் பார்ப்போம் என்று நான் போய்ச் சேர்ந்திருந்த போதைப்பொருள் சிகிச்சை ஆய்வில், முழுநேர மருத்துவராகத் தொடர்கிறாயா என்று கேட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அம்மாவின் கட்சி. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடத்தில் நிலைக்கவில்லை. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் எந்த வகுப்பில் விட்டோம் என்பதே மறந்துபோயிற்று என்பார். அப்பா கையெழுத்து வைப்பார், அவ்வளவுதான். கரவெட்டியில் குத்தகைக் காணியில் புகையிலை செய்து, அதை விற்று, என்னை மருத்துவபீடம் வரை கொண்டுவந்து விட்டார். நான் வெள்ளைச் சட்டை போட்டு ஆதார வைத்தியசாலைக்கு முதல்நாள் போனபோது, ஒழுங்கையில் எதிரே வந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்படியாக ஸ்கூட்டியை மிக மெதுவாகத்தான் ஓடினேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. வெட்கப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

நிபுணர் என்றால் ஊருக்குப் புரியும். ஒரு அறை, வாசலில் ஒரு பலகை, பின்னேரம் வரிசையில் ஆட்கள். நான் செய்த வேலையை யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. சந்தையில் மரக்கறி வாங்கப் போன அம்மா ஒருநாள் கூடையைத் தூக்கிப் போட்டபடி வந்தார்.

“உன்னைத் தூள் டொக்டர் எண்டு சொல்லுகினம்.”

“ஆர்?”

“ஆரெண்டால் என்ன? உன்னட்டை வாறவங்கள் ஆரெண்டு ஊருக்குத் தெரியாதே? பென்சனும் இல்லாத, பேர் சொல்லவும் ஏலாத வேலை.”

அம்மா சொன்னதில் பிழை இல்லை. அது ஒப்பந்த வேலை. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அதில் மேலே போவதென்றால் ஆய்வுப் பட்டம் வேண்டும், எழுதி வெளியிட வேண்டும், ஒருநாள் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து அதற்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தப் பாதையில் போய்த் திரும்பி வந்து ‘இது இப்படி’ என்று சொல்ல எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் இல்லை. ஆண்களும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனாலும் அந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. ஹெரோயினை எங்கள் பக்கத்தில் தூள் என்பார்கள். தூளின் ஆசையை அடக்கும் ஒரு குளிசையை ஆலோசனையோடு சேர்த்துக் கொடுத்தால், எங்கள் பகுதி ஆட்கள் அதில் எவ்வளவு காலம் நிலைத்திருப்பார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. வார்டில் ஒரு நோயாளி திரும்பி வராவிட்டால் சுகமாகிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆய்வில் அப்படி இல்லை. வராதவர்தான் எல்லாரையும்விட முக்கியமானவர். அவர் ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்காவிட்டால், வந்தவர்களைப் பற்றி நாங்கள் சொல்லும் எதுவும் பாதிதான்.

என் வேலை, சேர வருபவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் வாங்குவது, உடலைப் பரிசோதிப்பது, பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் அதே கேள்விகளை அதே ஒழுங்கில் கேட்பது. கேள்விகள் வேறெங்கோ எழுதப்பட்டு, கொழும்பில் தமிழாக்கப்பட்டு வந்தவை. ‘கடந்த சந்திப்பின் பின்னர் தாங்கள் போதைப்பொருள் எதனையும் உபயோகித்தீர்களா?’ என்று தொடங்கும்.

அந்தக் கேள்விகளை என்னைவிட நன்றாகப் பாடமாக்கியிருந்தவர் ஒருவர் இருந்தார். என்னைவிடச் சற்று இளையவர். வீடுகளுக்கு மாபிள் பதிக்கும் வேலை. தாயும் தகப்பனும் இல்லை, அக்காவுடன் இருந்தார். அவரை முதல்நாள் கையைப் பிடித்துக் கூட்டி வந்ததும் அந்த அக்காதான். குளிசையில் நன்றாகத் தேறி வந்தார். கதிரையில் இருக்கும்போதே தொடங்கிவிடுவார்.

“நீங்கள் கேக்க முதல் நான் சொல்லுறன் டொக்டர். இல்லை, இல்லை, இல்லை. நித்திரை ஓம். பசி ஓம். கலியாணம் இல்லை.”

“கலியாணம் கேள்வியிலை இல்லை.”

“அதையும் சேருங்கோவன். அக்கா கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறா. நீங்கள் கேட்டா ஆய்வெண்டு தப்பலாம்.”

மாதத் தொடக்கத்தில் அவர் வந்தபோது பகிடி ஒன்றும் விடவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். உள்ளங்கையின் நடுவில் ஒரு கொப்புளம். சுற்றிவரக் கருமை. ஆய்வுக்குப் பொறுப்பான வைத்திய நிபுணரும் அப்போது அறையில் இருந்தார். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். நாங்கள் மேடம் என்போம்.

“என்ன இது? வேலையில சுட்டுதா?” என்று அவர் கேட்டார்.

“ஓம் மேடம்,” என்றுவிட்டு அவர் கையை மூடிக்கொண்டார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வில் இருப்பவருக்கு என்ன நடந்தாலும், சளி தடிமன் பிடித்தாலும் கால் இடறினாலும், அதை எழுதி, அது மருந்தோடு தொடர்புள்ளதா இல்லையா என்றும் எழுத வேண்டும். மேடம் சொன்னார். “சின்னத் தீக்காயம். மருந்தோட தொடர்பில்லைன்னு போடுங்க.”

அந்த இளைஞர் போன பிறகு நான் சொன்னேன். “மேடம், அது வேலையிலை சுட்டதில்லை. அது கற்பூரம்.”

எங்கள் ஊர்களில் ஒருவனுக்கு இனி வேறு வழியில்லை என்றானதும், கோயிலுக்குக் கூட்டிப்போய், எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வைப்பார்கள். களவு எடுக்கவில்லை என்பதற்கும் அதுதான், இனிக் குடிக்கமாட்டேன் என்பதற்கும் அதுதான். கெட்டிக்காரர்கள் பட்டென்று அடித்துக் கையை எடுத்துவிடுவார்கள். பயந்தவர்களுக்கும் உண்மையாகப் பண்ணுபவர்களுக்கும் சுடும்.

மேடத்தின் முகம் மலர்ந்தது. “நல்லதுதானே? மனவுறுதி கூடியிருக்கு.”

“இல்லை மேடம். அவர் இனி வரமாட்டார்.”

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று அவர் கேட்டார். சொன்னேன். சாமியிடம் முடிந்த வழக்கை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தால், சாமியை நம்பவில்லை என்றாகிவிடும். அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், கற்பூரம் அணைத்தவன் தவறினால் அதை யாரிடமும் வாய் திறக்க முடியாது. நான் இதை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. எனக்குப் பத்து வயதளவில் அப்பா சாராயத்துக்குக் கற்பூரம் அணைத்தார். பிறகு தவறினார். குடித்ததைவிட, குடிக்கவில்லை என்று நடித்ததுதான் அந்த வருடம் அவரை மெலிய வைத்தது. யாருடனும் கதைக்காமல் தோட்டத்திலேயே கிடந்தார்.

மேடம் கேட்டுக்கொண்டிருந்தார். “நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா இதை எந்தக் கேள்விக்குக் கீழ எழுதுவீங்க?”

எந்தக் கேள்விக்குக் கீழும் அதற்கு இடமில்லை.

அடுத்த சந்திப்புக்கு அந்த இளைஞர் வரவில்லை. தொலைபேசி அடித்து ஓய்ந்தது. மறுநாள் அடிக்கவும் இல்லை. விதிப்படி சில முறை அழைத்துப் பார்த்துவிட்டு, தொடர்பு அற்றுப் போனவர் என்று மூடிவிடலாம். நான் மூடவில்லை. தூள் இல்லாமல் பழகிவிட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒருநாள் தவறி, முன்பு எடுத்த அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். திரும்பவும் தொடங்குபவர்கள் செத்துப்போவது பெரும்பாலும் அப்படித்தான். அம்மா மூலவியாதி என்று சந்தேகப்பட்டது இந்த நாட்களில்தான்.

தேவைப்பட்டால் வீட்டுக்கு வரலாம் என்று சேரும்போதே அவர் சம்மதம் தந்திருந்தார். எதற்காக வந்தோம் என்று அயலுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் நிபந்தனை. வெள்ளைச் சட்டையை மடித்து ஸ்கூட்டிக்குள் வைத்துவிட்டுப் போனேன். படலையைத் தட்டும்போதே பக்கத்து வேலிக்கு மேலால் ஒரு முகம் வந்தது.

“ஆர் பிள்ளை நீங்கள்?”

“தெரிஞ்ச ஆக்கள்தான்.”

“கலியாண விசயமே?” அவர் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ சொன்னது நன்றாகவே கேட்டது. “பொம்பிளை தானே ஸ்கூட்டியிலை வந்து மாப்பிளை பாக்கிற காலம் வந்திட்டுது, கண்டியே!”

படலை திறந்தது. என்னைக் கண்டதும் அக்காவின் முகம் மாறியது. “உள்ளுக்கை வாங்கோ. இதிலை நிண்டு கதைச்சால் அந்த வேலிக்குக் காது முளைக்கும்.”

உள்ளே தேத்தண்ணி வந்தது. தம்பி எங்கே என்று கேட்டேன்.

“கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டு வேலை. கிழமை முடிவிலைதான் வருவான்.”

“குளிசை கொண்டு போனவரே?”

“இல்லை. அலுமாரியிலை கிடக்கு. இனி உது வேண்டாம் டொக்டர். நீங்கள் செய்ததெல்லாம் பெரிய உதவி. ஆனால் போன மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வைரவருக்கு முன்னாலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டான். அதுக்குப் பிறகும் மருந்து குடிச்சால் வைரவருக்கு என்ன மரியாதை?”

மூச்சு நின்றுவிடும் என்பதைச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார்.

“தவறமாட்டான்.”

“தவறினால்?”

“தவறினால் எண்டு நீங்கள் நினைக்கிறதுதான் பிழை. உங்களுக்கு ஆராய்ச்சிக்கு ஆள் குறையுது. அதுதானே? என்ரை தம்பி என்ன, எலியே?”

“ஆள் குறையுறதும் உண்மைதான் அக்கா. இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் அதுக்காக இவ்வளவு தூரம் வரேல்லை.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ ஆற்றை மகள் எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை.”

டொக்டர் பிள்ளையானதைக் கவனித்தேன்.

“கொப்பற்றை புகையிலை எண்டால் எங்கடை அப்பருக்கு உயிர். வேறை ஒருத்தற்றையும் வாயிலை வைக்கமாட்டார். கடைசியிலை வாயே இல்லாமல்தான் போனவர். அப்ப ஒருத்தரும் வந்து ஆராய்ச்சி செய்யேல்லை. கற்பூரமும் கொளுத்தேல்லை.”

தகப்பன் புற்றுநோயில் இறந்தார் என்பது எங்கள் பதிவில் இருந்தது. எந்தப் புகையிலை என்று எந்தப் பதிவிலும் கேட்பதில்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன். எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, அப்பாமேலா, என்மேலா என்று தெரியவில்லை. செருப்பைப் போட்டபடியே திரும்பிச் சொன்னேன்.

“அக்கா, எனக்குச் சோதினை வரேக்கை எங்கடை அம்மா என்ரை பேனையை அருச்சனைத் தட்டிலை வைச்சுக் கொண்டுவந்து தந்தவ. இனிப் பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார் எண்டு நான் படிக்காமல் படுத்தனானே? அந்தப் பேனையாலைதான் எழுதினனான். ஆனால் படிச்சுப்போட்டு எழுதினனான்.”

அக்கா என் பின்னால் படலை வரை வந்தார். அங்கே குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்லிவிட்டு வந்தேன். எப்போது குளிசையைத் திரும்பத் தொடங்க நினைத்தாலும் முதலில் எங்களிடம் கொண்டுவர வேண்டும். இடையில் தூள் தொட்டிருந்தால் அந்தக் குளிசை உடம்பை முறுக்கி எறிந்துவிடும். கேட்காமல் கொடுக்கக் கூடாது.

பக்கத்து வேலி கேட்டது. “சரிவந்ததே, பிள்ளை?”

“யோசிச்சுச் சொல்லுவினமாம்,” என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா நாற்றுமேடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றார். நோயாளியைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. பொதுவாகத்தான் கேட்க முடிந்தது.

“அப்பா, உங்கடை புகையிலையைப் போட்டு ஆருக்கும் வாயிலை புத்து வந்ததெண்டு கேள்விப்பட்டிருக்கிறியளே?”

அவர் வாளியை வைத்தார். “நான் நட்டனான். சப்பு எண்டு ஆற்றையும் கையைப் பிடிச்சனானே?”

வாளியைத் திரும்பத் தூக்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். “உன்னையும் உதாலைதான் படிப்பிச்சது.”

அதை அவர் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கையைப் பிடிச்சனானே என்ற அந்த வசனத்தை எங்கள் அறையில் வேறு வாய்களிலிருந்தும் கேட்டிருக்கிறேன், முன்பு தூள் விற்றவர்களிடமிருந்து. அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நெல்லியடிச் சந்தி வரை போய், எதுவும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

கொழும்புப் பயிற்சிக்குப் பதில் சொல்ல இன்னும் இரண்டரைக் கிழமைதான் இருந்தது. சம்மதம் என்று எழுதி வைத்தேன், அனுப்பவில்லை. கொழும்பில் எனக்கு வரும் நோயாளிகளுக்குச் சலரோகம் இருக்கும், இருதய வருத்தம் இருக்கும். வேலிக்குமேல் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். யாருடைய தகப்பன் யாருடைய புகையிலையைச் சப்பினார் என்று யாருக்கும் தெரியாது. அது எவ்வளவு நிம்மதி என்று நினைத்தேன். நினைத்த உடனேயே அந்த நிம்மதிமேல் ஒரு எரிச்சல் வந்தது.

அடுத்த கிழமை, கிளினிக் தொடங்கி வெகுநேரத்துக்குப் பிறகு, அக்காவும் தம்பியும் வாசலில் நின்றார்கள். அக்கா ஒரு சீலைப் பையிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் மேசையில் வைத்தார். பெட்டியின் நெற்றியில் சந்தனம், அதற்குமேல் குங்குமம். ஒரு செவ்வரத்தம் இதழ் மூடியில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

“அருச்சனை செய்து கொண்டுவந்திருக்கிறன், டொக்டர்,” என்றார். நான் திரும்பவும் டொக்டராகிவிட்டேன். “நீங்கள் சொன்னபடி ஒண்டும் குடுக்கேல்லை. கேட்டுத்தான் குடுப்பம் எண்டு வந்தனாங்கள்.”

மேடம் பெட்டியைத் தொடாமல் பார்த்தார். “இது எங்க இருந்தது?”

“மூலஸ்தானத்திலை, மேடம். ஐயர் வைரவற்றை காலடியிலை வைச்சுப் பூசை செய்து தந்தவர்.”

“அங்க எவ்வளவு சூடா இருக்கும்?”

அக்கா என்னைப் பார்த்தார். சாமியின் சூட்டைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். “விளக்கெல்லாம் எரியும்தானே. கற்பூரமும் கொளுத்தினது.”

பெட்டியில் சந்தனத்துக்குக் கீழே ‘வெப்பம் படாமல் வைக்கவும்’ என்று இருந்தது. ஆய்வு மருந்து எங்கே, யாரிடம், எந்தச் சூட்டில் இருந்தது என்பதற்குக் கணக்கு வேண்டும். கோயிலுக்குப் போய்வந்த மருந்தை இனி யாருக்கும் கொடுக்க முடியாது. மேடம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, “இந்த யோசனையை யார் குடுத்தது?” என்றார்.

“நான்தான் மேடம். ஆனால் பேனையைப் பற்றித்தான் சொன்னனான்.”

அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தம்பியைக் கதிரையில் இருத்தினேன். கொப்புளம் காய்ந்து தோல் உரிந்திருந்தது. மெலிந்திருந்தார். முதல் கேள்வியைக் கேட்டேன். வழக்கமாக நான் கேட்க முதல் சொல்பவர், சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டொக்டர், ஓம் எண்டால் சத்தியம் முறிஞ்சுபோம். இல்லை எண்டால் பொய்யாப்போம். வாயாலை கேக்காதேங்கோ.”

“சரி. நீங்கள் சொல்லவேண்டாம்.”

“அந்தப் போத்திலைத் தாங்கோ. அது கற்பூரம் அணைக்கேல்லைத்தானே?”

சிறுநீர்ப் போத்தலை அவரே எடுத்துக்கொண்டு போனார். போத்தல் ஓம் என்றது.

நான் அறையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தேன். கிளிநொச்சியில் பாதி மாபிள் பதித்த ஒரு வீட்டில் அவர் தனியே இருந்ததை நினைத்தேன். மூச்சு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எங்கள் மருந்து அவரைக் காப்பாற்றவில்லை, வைரவர் காப்பாற்றினாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய கால் அவரை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

உடம்பு முழுதாகச் சுத்தமான பிறகுதான் குளிசை தொடங்கலாம், அதுவரை வார்டில் இருக்க வேண்டும் என்றோம். தம்பி தலையாட்டினார். அக்காவை உள்ளே கூப்பிட்டு, வார்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னோம். அக்கா கேட்டார். “ஏன் வாட்டிலை? நல்லாத்தானே இருக்கிறான்?”

“திரும்பத் தொடங்க முதல் உடம்பைப் பாக்கவேணும், அக்கா.”

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி செருப்பைப் பார்த்தார். “அப்ப சாறமும் துவாயும் கொண்டுவாறன்,” என்று அக்கா எழும்பினார்.

வார்டிலிருந்து விடும் நாளில் மேடம் புதுப் பெட்டியைக் கொடுத்தார். அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இது கோயிலுக்குப் போகேல்லையே.”

“போகவும் கூடாது,” என்றார் மேடம்.

“பெட்டி பழசு, குளிசை புதுசு எண்டு செய்வமே?” என்று தம்பி கேட்டார். பகிடி திரும்பி வந்திருந்தது.

“பெட்டி மாத்தேலாது. இலக்கம் இருக்கு,” என்றேன்.

திருப்பி அனுப்ப மேசையில் வைத்திருந்த பழைய பெட்டியை அக்கா எடுத்தார். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஒரு துளி எடுத்துக் குழைத்து, புதுப் பெட்டியின் நெற்றியில், இலக்கம் மறையாமல், ஒரு பொட்டு வைத்தார். மேடம் அந்த நேரம் யன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை நான்தான் எழுத வேண்டியிருந்தது. ‘ஆய்வு மருந்து, பங்கேற்பாளரின் குடும்பத்தினரால் அருச்சனைக்காகக் கோயில் மூலஸ்தானத்தில் வைக்கப்பட்டது.’ இதற்குமேல் எப்படிச் சுருக்குவது என்று தெரியாமல் அப்படியே அனுப்பினேன். ஆய்வின் கொழும்பு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் சிரிக்கவில்லை.

“டொக்டர், இதை வெப்பநிலை விலகல்னு போடுறதா, இட விலகல்னு போடுறதா?”

“ரெண்டும்,” என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. கற்பூரத்தைச் சொன்னேன், உள்ளங்கையைச் சொன்னேன், மருந்தோடு தொடர்பில்லை என்று எழுதிய தீக்காயம்தான் அவர் மருந்தை விட்டதற்குக் காரணம் என்று சொன்னேன். எங்களிடமிருந்து நின்றுபோன மற்றவர்களில் எத்தனை பேர் கற்பூரம் அணைத்தவர்கள் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நாங்கள் கேட்கவில்லை என்றேன். அதைக் கேட்காமல், ‘இந்த ஆட்கள் நிலைக்கமாட்டார்கள்’ என்று எழுதிவிட்டுப் போனால், அது எங்கள் ஆட்களின் பிழையில்லை, கேள்வியின் பிழை என்றேன்.

மறுபக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. “அப்ப ஒரு கேள்வி எழுதி அனுப்புங்க. குழுவுக்குப் போடலாம்.”

தொலைபேசியை வைத்த பிறகுதான் கவனித்தேன். நான் கதிரையில் இருந்தேன். அவ்வளவு நேரமும் இருந்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் கொழும்புப் பயிற்சிக்கு, வரவில்லை என்று அறிவித்தேன். மேடத்திடம் முழுநேர வேலைக்குச் சம்மதம் சொன்னேன். “யோசிச்சீங்களா? இது கஷ்டமான பாதை. நான் உங்களுக்கு ஒண்ணும் உறுதி தரமாட்டேன்,” என்றார். தர வேண்டாம் என்றேன். வீட்டில் சொன்னபோது அம்மா பானையை இறக்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு என்னுடன் கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது. அதுவும் அப்பா மூலம்.

“கொம்மா கேக்கச் சொன்னவ, இன்னும் கறி வேணுமோ எண்டு.”

“வேணுமெண்டு சொல்லுங்கோ.”

“நீயே சொல்லன். எனக்கென்ன, தபால் உத்தியோகமே?”

அமைதியாகிவிட்டேனா என்றால் இல்லை. வேண்டாம் என்ற இடம் திரும்பி வராது என்பது காலையில் விழித்ததும் முதலில் நினைவுக்கு வரும். அக்காவின் தம்பி ஒவ்வொரு சந்திப்புக்கும் வருகிறார். வரும்நாளில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை எனக்குக் கை ஓடாது. அதற்கிடையில் கேள்வியை எழுதினேன். ‘இதை விடுவதாக எங்கேயாவது சத்தியம் பண்ணியிருக்கிறீங்களா? எவ்வளவு காலத்துக்கு? அதற்குப் பிறகு உங்களிடம் இதைப் பற்றி வேறு யாரும் கேட்டார்களா?’ புதிய கேள்வியைக் குழுவுக்கு அனுப்புமுன், ஆய்வில் இல்லாத சாதாரண ஆட்களிடம் கேட்டு, அது விளங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெற்றிலைத் தட்டோடு முற்றத்து மாமரத்துக்குக் கீழே இருந்தார். எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். கேள்வியை வாசித்தேன்.

அப்பா யோசித்தார். “எதைப் பற்றிக் கேக்கிறாய்? சாராயமோ, இதுவோ?” கையிலிருந்த புகையிலையைக் காட்டினார்.

“ரெண்டும்.”

“சாராயத்துக்குப் பண்ணினனான். உனக்குத் தெரியும்தானே. ஒரு வரியத்துக்கு.”

“இதுக்கு?”

“இதுக்கு ஆர் சத்தியம் கேட்டது?”

“நான் கேட்டால்?”

அவர் புகையிலையை விரலால் உருட்டினார். வாயில் போடவும் இல்லை, தட்டில் வைக்கவும் இல்லை. குசினியில் திருவலைச் சத்தம் நின்றது. இத்தனை நாளுக்குப் பிறகு அம்மாவின் குரல் என்னை நோக்கி வந்தது.

“உதைக் கேக்கிறதுக்கோ கொழும்பை விட்டனி?”

“ஓம் அம்மா.”

திருவலை மறுபடி தொடங்கியது.

“அப்ப வடிவாக் கேள். அந்தாள் பொய் சொல்லும்.”